திருவருளும் கிறிஸ்து சமயத்தார் கூறும் கிருபையும்

அருளினாலன்றி வீடுபேறில்லை என்பது சைவசித்தாந்தத்தின் துணிபு. இத்துணிபு நமக்கே சிறப்பாக உரியதென்று நம்மனோருட் பலர் எண்ணியிருப்பர். கிறிஸ்து சமயத்தாரும், மனிதன் தன் முயற்சியால் உய்யமாட்டான், இறைவன் இரக்கத்தாலேயே உய்வன் என்று ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கூறி வருகின்றனர். சொல் ஒன்றுபோலத் தோன்றுதலின் பொருளும் ஒன்றேயென்று கொள்வார் ஒருசாரார். பிறர் சமயத்துச் சொல்லாதலின் அதனை ஆராய்தல் வேண்டாவென்று விடுப்பார் மற்றொருசாரார். இவ்விருவரும் ஆராயாது முடிபு கூறுவோரே. அவர் கூறும் கிருபை யாது, அது நம் திருவருளோடு எவ்விடத்து ஒக்கும், எவ்விடத்து வேறுபடும், அவ்வேறுபாடு நாடோறும் நாம் வாழும் வாழ்க்கையில் என்ன செய்யும் என்பன ஈண்டு ஒருசிறிது ஆராயப்படும்.

புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. அதன்கண் 'காரிஸ்' என்னும் சொல் வழங்குகின்றது. அழகும், பெரியோர் எளியோர்மாட்டுக் காட்டும் தயவும், அத்தயவைப் பெற்றோர் கூறும் நன்றியும் ஆகிய மூன்றும் அவ்வொரு சொல்லில் அடங்கும். இலத்தீன் மொழியில் அது 'கிராத்தியா' எனப்பட்டது. விலையின்றிக் கொடுத்தல் என்னும் பொருள்பட ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் சொல்லொன்றும் இதன் வழியாகப் பிறந்ததே. தமிழிற் புரோட்டஸ்டண்டு சபையார் இதனைக் 'கிருபை' என்றனர். கத்தோலிக்கர் தம் பழைய செபங்களிற் 'பிரியதத்தம்' என்று வழங்கினர். 1995-ஆம் ஆண்டில் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு 'அருள்' என்றே வழங்குகின்றது. பிரியதத்தமாவது பிரியத்தினாற் கொடுக்கப்பட்டது. வழக்கொழிந்த அச்சொல்லே அவர் கருத்தை உள்ளவாறு காட்டுவதென்பது எமது எண்ணம். கொடுப்பவன் அன்பன்றிக் கொடைக்குக் காரணம் வேறில்லை என்பதே அவர் கூற விரும்பியது.

இக்கொள்கை அவருள்ளும் வாதமின்றி நிலைபெறவில்லை. கி. பி. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோமை நகரில் வாழ்ந்த பெலாஜியஸ் என்னும் துறவி, எல்லாம் அருளே செய்யுமெனின் ஒழுக்கம் யாதாம் என்று கடாவினார். இறைவன் ஒன்றைச் செய்க என்று விதித்தானாயின், அதனைச் செய்யும் ஆற்றலையும் மனிதற்குக் கொடுத்திருத்தல் வேண்டும். ஆற்றலில்லாதானை ஏவுதல் நீதியன்று. ஆகலின் மனிதன் தன் விருப்பத்தால் நன்மையைத் தெரிந்து செய்தற்குரியன் என்பது அவர் கொள்கை. இவரை மறுத்தெழுந்தவர் வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரத்துக் கண்காணியாராயிருந்த அகஸ்தீன் (354–430) என்னும் பேரறிஞர். கட்டுண்டது கையன்று, விருப்பமே கட்டுண்டது என்றார் அவர். தாம் இளமையில் நண்பரோடு கூடி அயலார் மரத்துப் பேரிக்காய்களைத் திருடியதைத் தம் வாழ்க்கை வரலாற்றிற் பலவாறு ஆராய்கின்றார். பசித்துத் திருடவில்லை, அவற்றினும் நல்ல காய் தம்மிடத்தே இருந்தது. சுவைத்துத் தின்னவுமில்லை, பெரும்பாலனவற்றைப் பன்றிகளுக்கு எறிந்தனர். தீதென்று அறிந்தே, அது தீதாதல் பற்றியே அதனை விரும்பினோம் என்று அவர் தம்மைக் கண்டு நடுங்குகின்றார். விருப்பத்தின் வேரிலேயே நோய் இருக்க, விருப்பத்தை மருந்தென்று கூறுதல் எங்ஙனம் அமையும்? கி. பி. 418-இற் கார்த்தேஜிற் கூடிய சங்கம் பெலாஜியஸ் கொள்கையை விலக்கிற்று.

ஆணவமலத்தை அறிந்த சைவர்க்கு அகஸ்தீனார் கூற்றில் வியப்பொன்றுமில்லை. உயிரின் இச்சை ஞானக் கிரியைகளை மறைத்து நிற்பது மூலமலம். அம்மறைப்பை உயிர் தன் அறிவாலேயே நீக்கிக்கொள்ள முயலுதல், இருளில் நின்றவன் தன் கண்ணொளியாலேயே இருளை ஓட்ட முயலுதல் போலும். இதுகாறும் இரு சமயமும் ஒருவழி நடந்தன. பிரியுமிடம் இதன் மேலது.

நோய் எங்ஙனம் வந்தது? முதல் மனிதனாகிய ஆதாம் இறைவன் ஆணையைக் கடந்தமையால் வந்து, அவன் வழித்தோன்றல்களையெல்லாம் பற்றிற்று என்பர் அகஸ்தீனார். நம்மாசிரியர் ஆணவம் அநாதி என்பர். செம்பிற் களிம்புபோல உயிருள்ளபோதே உள்ளது. ஒருவன் செய்த பிழைக்கு மற்றெல்லாரும் உரியராதல் யாங்ஙனம் என்னும் வினா நமக்கு எழுவதில்லை. ஆயினும் இதனினும் அரியதொரு வினா உண்டு. எல்லாரும் ஒருங்கே கட்டுண்டாராயின், அருள் ஒருவனை எடுத்து மற்றொருவனை விடுத்தல் என்னை? அகஸ்தீனார் இதற்கு, இறைவன் திருவுளம் ஆராய்தற்கரியது, ஆயினும் அது நீதியே என்று கூறி அமைந்தார். பிற்காலத்துக் கால்வின் என்பார் இன்னார் உய்வார், இன்னார் உய்யார் என்பது படைப்பிற்கு முன்னரே தீர்ந்ததென்று முடித்தார். அது பொறாத பலர் அச்சபையினுள்ளேயே எழுந்து வாதித்தமையால், 1618–19-ஆம் ஆண்டுகளில் ஹாலந்து தேசத்து டோர்ட் நகரில் ஒரு பெருஞ்சபை கூட்டவேண்டியதாயிற்று. சபை கால்வின் பக்கத்தையே நிறுவியது. வினா மட்டும் தீர்ந்தபாடில்லை.

சித்தாந்தம் இவ்வினாவிற்குப் பக்குவம் என்று விடை கூறும். கதிரவன் எங்கும் ஒருபடித்தாகவே ஒளியைப் பரப்ப, பொய்கையில் ஒரு தாமரை அலர்கின்றது, ஒன்று முகையாய் நிற்கின்றது. வேறுபாடு கதிரிலன்று. இது கேட்ட கிறிஸ்து சமய அறிஞர், "அற்றேல் நும் அருள் பக்குவத்திற்குக் கூலியாயிற்று, கொடையாதல் எங்ஙனம்?" என்று வினவுவர். இஃது ஒதுக்கத்தக்க வினாவன்று. நம்மவருள்ளும் இவ்வளவு விரதம் இவ்வளவு அருள் என்று கணக்கிடுவார் உளராகலின், அவரை நோக்கி எழுந்த வினாவாகவே இதனைக் கொள்ளலாம். விடை வருமாறு: இருவினையொப்பு என்பது நல்வினையின் குவியலன்று. நல்வினைப் பயனும் தீவினைப் பயனும் தன்னளவில் ஒப்ப, ஒன்றில் விருப்பும் மற்றொன்றில் வெறுப்புமின்றி நிற்கும் நிலை அது. பொன் விலங்கும் விலங்கே எனக் கண்டவன் அப்பொன்னைக் காட்டிக் கூலி கேளான். அன்றியும், அப்பக்குவத்தை வருவித்தவர் யாவர்? மறைத்து நின்று உலக நுகர்ச்சியிற் செலுத்தி, மலத்தின் வலியைத் தேய்த்து, முடிவில் மறைப்பொழிந்து அருளாய்ப் பதிவது திரோதான சத்தியே. முன்னின்றதும் அருள், பின்னின்றதும் அருள். கண்ணிற் படலம் முற்றுங்காறும் மருத்துவன் காத்திருத்தல் இரக்கமின்மையாலன்று என்று நம்மவர் உவமை கூறுவர். (இக்காலத்து மருத்துவர் படலம் முற்றுமுன்னரே எடுத்துவிடுகின்றனராகலின், உவமையைக் கருதிய அளவிற்கே கொள்க.)

ஆங்கில நாட்டு ஜான் உவெஸ்லி (1703–1791) என்பார், மனிதன் இறைவனை நாடுதற்கு முன்னரே அவனை அறியாமல் உள்நின்று நாட்டத்தை எழுப்பும் 'முன்செல்லும் கிருபை' ஒன்றுண்டென்றும், அது மக்களெல்லார்க்கும் உரியதென்றும் போதித்தார். கிறிஸ்து சமய நூல்களுள் யாம் கண்டவற்றுள் திரோதான சத்திக்கு மிக அணித்தாய் வருவது இதுவே. எனினும் மறைத்தலும் அருட்செயலே என்று சொல்லும் துணிவு சித்தாந்தத்திற்கே உரியது.

இனி, நூல்வழக்கை விட்டு ஒரு மனிதனுடைய வாழ்க்கையை நோக்குவாம். கிருபையைப் புகழும் ஆங்கிலப் பாட்டுக்களுள் உலகெங்கும் பாடப்படுவது ஜான் நியூட்டன் (1725–1807) என்பார் ஆல்னி என்னும் ஊரிற் போதகராயிருந்தபோது 1773-ஆம் ஆண்டுப் புத்தாண்டு வழிபாட்டிற்கென ஆக்கியது. 1779-இல் அது அச்சேறியது. அவர் வரலாற்றை மேடைகளிற் கூறுவோர், அடிமை வாணிகஞ் செய்த மாலுமி ஒருவர் கடலிற் புயலில் அகப்பட்டு, இறைவனை வேண்டி உயிர்பிழைத்து, அத்தொழிலை அன்றே துறந்து அப்பாட்டைப் பாடினார் என்பர். கேட்டற்கினிய கதை, நடந்ததோ வேறு.

புயல் வந்தது 1748-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில். அந்நாளை அவர் தம் வாழ்நாள் முழுதும் நோன்புநாளாகப் போற்றினார். ஆயின் அதன் பின்னரே, 1750 முதல் 1754 வரை, மூன்று முறை அடிமைக் கப்பல்களுக்குத் தலைவராய் ஆப்பிரிக்கக் கரைக்குச் சென்றார். ஞாயிறுதோறும் மேல்தளத்தில் மாலுமிகளைக் கூட்டி வழிபாடு நடத்துவார். கீழ்த்தளத்தில் விலங்கிடப்பட்ட மக்கள் நெருங்கிக் கிடப்பர். அவர்கள் கலகஞ் செய்யச் சூழ்ந்தனரென்று ஐயுற்றபோது, உண்மை கூறுவித்தற்கு விரலை நெரிக்கும் திருகுக் கருவியைச் சிறுவர்மீது செலுத்தியதை அவரே தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கின்றார். 1754-இல் அவர் கடற்றொழிலை விட்டதும் மனங்கசந்தன்று. திடீரென வந்த நோயினால். 1764-இல் வெளியிட்ட தன்வரலாற்றில், அத்தொழில் முறையற்றதென்னும் ஐயம் அந்நாளில் தமக்கு எழவேயில்லை என்றும் கூறுகின்றார். அடிமை வாணிகத்தைக் கண்டித்து அவர் நூல் எழுதியது 1788-இல். கப்பலை விட்டு 34 ஆண்டுகளும், புயலிற் பிழைத்து 40 ஆண்டுகளும் கழிந்தன. அந்நூலில் தம் பங்கை மறையாது கூறி நாணினார். பின்னர்ப் பார்லிமெண்டின் விசாரணையிற் சான்றும் கூறினார். தம்மிடம் அறிவுரை வேண்டி 1785-இல் வந்த உவில்பர்போர்ஸ் என்னும் இளைஞரை, அரசியலைத் துறவாது அங்கிருந்தே தொண்டு செய்க என்று நிறுத்தியவரும் அவரே. அவ்விளைஞர் முயற்சியால் ஆங்கிலேய அடிமை வாணிகம் 1807 மார்ச்சில் சட்டத்தால் ஒழிந்தது. அவ்வாண்டு டிசம்பரில் நியூட்டன் காலமானார்.

புயல்நாளில் அவர்க்குக் கிடைத்தது கிருபையா, அன்றா? அன்றெனின், அவர் வாழ்வு அங்கிருந்து திரும்பியதை மறுத்தல் வேண்டும். குடியும் நிந்தைச் சொல்லும் ஒழிந்தன, வேதம் ஓதத் தொடங்கினார். ஆமெனின், கிருபை பெற்ற கை திருகுக் கருவியைப் பற்றியது எங்ஙனம்? அச்சமயத்தார் இதற்கு, இறைவன் முன்னிலையில் நீதிமானாக எண்ணப்படுதல் வேறு, நாளடைவில் தூய்மையடைதல் வேறு. முன்னையது கிருபையால் ஒருங்கே நிகழும், பின்னையது படிப்படியாக நிகழும் என்று விடை கூறுவர். லூதர் என்பார் 1517-இல் தொடங்கிய பிளவிற்கு இவ்விரண்டின் தொடர்பே பெருங்காரணமாயிற்று. கத்தோலிக்கரும் லூதர் வழியினரும் இதுபற்றி ஒருவாறு உடன்பட்டுக் கூட்டறிக்கையிற் கையெழுத்திட்டது 1999-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள், ஆக்ஸ்பர்க் நகரில். நாம் இதனை வேறுபடக் கூறுவோம். சத்திநிபாதம் மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என நால்வகைத்து. முதலிற் பதிந்தது பொய்யன்று, மெல்லிதாய்ப் பதிந்தது. இருள் நீங்கத் தொடங்கிய வைகறையில் மரத்திற்கும் மனிதனுக்கும் வேறுபாடு தெரியாதவாறுபோல, அவர்க்குக் கீழ்த்தளத்திற் கிடந்தார் மக்களெனத் தெரியவில்லை. நியூட்டன்தாமும், அந்நாளில் தம்மை முழு விசுவாசி என்று கூறத் துணியேன் என்று பிற்காலத்தில் எழுதினார். அவர் கூற்றும் நம் நூற்றுணிபும் இவ்விடத்திற் பொருந்துதல் காண்க.

ஆயினும் இவ்விளக்கம் கூறி அமைதலில் ஓர் இடர் உண்டு. மேல்தளத்தில் வழிபட்டாரைப்பற்றியே இதுகாறும் பேசினோம். கீழே கிடந்தார்க்கு யாம் கூறும் விடை யாது? கால்வின் வழியினர் தெரிந்தெடுப்பு என்பர். சைவர் 'அவரவர் வினை' என்பர். இவ்விரு விடையும் விலங்கிட்டவன் காதிற்கு எத்துணை இனியவென்பதை நினைத்துப் பார்த்தல் வேண்டும். வினைக்கொள்கை தப்பென்பதன்று எம் கருத்து. அதனைப் பயன்படுத்தும் இடம் தவறுதலே ஈண்டுக் கூறப்படுவது. வினையின் பயனை உயிர்க்கு ஊட்டுவோன் இறைவனொருவனே. பிறர் வினையை அவர்க்கு ஊட்டும் அதிகாரத்தை நமக்கு எவரும் தந்திலர். தன்மேல் வந்த துன்பத்தை என் வினை என்று கொண்டு ஆறுதல் ஞானம். பிறன்மேற் செய்யும் துன்பத்தை அவன் வினை என்று கூறுதல் ஆகாமியம் ஈட்டுதல். கொள்கை ஒன்றே, அது நின்றவிடம் வேறாக, மருந்து நஞ்சாயிற்று.

இது நம் வரலாற்றில் நிகழாததன்று. திருநாளைப்போவாரை அறுபத்துமூவருள் ஒருவராக வைத்து வணங்கினோம். அவர் சிலையைத் திருக்கோயிற் சுற்றில் நிறுத்தினோம். அவர் குலத்தவரை வாயிலின் புறத்தே நிறுத்தினோம். மதுரை மீனாட்சியம்மை திருக்கோயிலுள் அவர்கள் வைத்தியநாதையரோடு சென்று வழிபட்டது 1939-ஆம் ஆண்டு சூலை மாதம் 8-ஆம் நாள். அதுகாறும் தடுத்து நின்றாருட் சித்தாந்த நூல் ஓதியவர் ஒருவரும் இலர் என்று சொல்ல எவர் துணிவார்? நியூட்டனுடைய 34 ஆண்டுகளை எண்ணி நகைப்பதற்கு முன் இதனையும் எண்ணிக்கொள்ளுதல் முறை.

கிறிஸ்துநாதர் கூறியதாக மத்தேயுவின் நூல் பதினெட்டாம் அதிகாரத்தில் ஒரு கதை உண்டு. ஒரு வேலைக்காரன் தன் அரசனுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருந்தான். காலில் வீழ்ந்து தவணை வேண்டினான். அரசன் தவணை கொடுத்திலன், கடன் முழுவதையுமே விட்டுவிட்டான். வெளியே வந்தவன், தனக்கு நூறு தெனாரியம் தரவேண்டிய உடன்வேலைக்காரனைக் கண்டு கழுத்தைப் பிடித்து நெரித்துச் சிறையிலிட்டான். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தெனாரியம் என்பர். கூலியாள் ஒருவனுக்கு நாட்கூலி ஒரு தெனாரியம். எனவே அவனுக்கு விடப்பட்ட கடன் அவன் விடாத கடனைப்போல 6,00,000 மடங்கு. செய்தி கேட்ட அரசன் தான் விட்ட கடனை மீண்டும் அவன்மேற் சுமத்தினான்.

இக்கதையின்கண் பக்குவமென்பது இல்லை. அரசன் அவன் தகுதியை ஆராய்ந்திலன். கொடை கூலியன்று என்னும் அவர் கொள்கை ஈண்டு முழுதும் விளங்குகின்றது. ஆயினும் கடன் திரும்பி வந்ததை நோக்குமிடத்து, கிருபைக்கு முன்னர் நிபந்தனை இல்லையெனினும் பின்னர் உண்டென்பது பெறப்படும். நாம் உயிரின் பங்கை அருள் பதிதற்கு முன் வைக்கின்றோம். அவர் அருள் பதிந்ததற்குப் பின் வைக்கின்றனர். இவ்வேறுபாடு சிறிதன்று. நம் நெறியிற் காத்திருப்பவன் சோர்தற்கு இடமுண்டு, இன்னும் பக்குவம் வரவில்லையே என்று. அவர் நெறியிற் பெற்றுவிட்டேன் என்பவன் சோர்தற்கு இடமுண்டு. பின்னைய சோர்வை அச்சமயத்தாருட் போன்ஹோபர் என்னும் செருமானியப் போதகர் 1937-இல் வெளியிட்ட நூலொன்றிற் கடுமையாகக் கண்டித்தார். ஒழுக்கத்தைக் கேளாத கிருபை சந்தையில் மலிவாய் விற்கும் சரக்கு என்பது அவர் கருத்து. ஹிட்லர் ஆட்சியை எதிர்த்தமைக்காக அவர் 1945 ஏப்பிரலில் தூக்கிலிடப்பட்டார்.

நம் நூல்களும் அருள் பெற்றபின் செய்யத்தக்கதைக் கூறாது விட்டில. உமாபதிசிவனார் திருவருட்பயனை முடிப்பது அணைந்தோர் தன்மையில். மெய்கண்டதேவர் சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரத்தில், மலங்கழுவி அன்பரோடு கூடி, அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் சிவமெனவே கண்டு வழிபடுதலை விதித்தார். முத்தன் தனித்திருந்து இன்பம் துய்ப்பானாக அவர் விட்டிலர்; பிறரோடு கூட்டினார். மற்று, திருவள்ளுவர் துறவறவியலின் முதற்கண் வைத்த அதிகாரம் அருளுடைமை. இறைவன் உயிர்க்குச் செய்வதற்கும், ஓருயிர் மற்றோருயிர்க்குச் செய்வதற்கும் தமிழில் அருளென்னும் பெயர் ஒன்றேயாதல் தற்செயலென்று யாம் கொள்ளேம். கடன்காரன் கழுத்தில் வைத்த கையை எடுத்தலும் அருள். அஃது எடுக்குமாறு உள்நின்று உணர்த்துதலும் அருள்.

இவ்விரு சமயத்தின் வேறுபாட்டிற்கெல்லாம் வேர் யாதென ஆராயின், பிறவியின் எண்ணிக்கையே எனத் தோன்றும். அவர்க்குப் பிறவி ஒன்றே. கிருபை எழுபது எண்பது ஆண்டுக்குள் வந்தாக வேண்டும். ஆகலின் அது புயலாக வருகின்றது, கள்வனுக்கும் இறக்கும் பொழுதில் வருகின்றது. நமக்குப் பிறவி பல. இறைவன் காத்திருக்கின்றான், நாமும் காத்திருக்கலாமென்று நினைக்கின்றோம். ஆனால் மணிவாசகப் பெருமான் அங்ஙனம் நினைந்தவரல்லர். பிறவி பலவற்றை எண்ணி எண்ணி இளைத்ததாகக் கூறும் அவரே, இப்பிறவியன்றி மற்றொன்றில்லை என்பார் போல, இப்பொழுதே ஆண்டுகொள்ளென அழுகின்றார். தம் வாழ்நாளெல்லாம் கிறிஸ்துவுக்கே தொண்டுபட்டிருந்த போப்பையர் எண்பது அகவையெய்திய 1900-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டிலிருந்து திருவாசக மொழிபெயர்ப்பை வெளியிட்டது, அவ்வழுகையைத் தம் வேதத்திலும் கேட்டிருந்தமையாற் போலும்.